ஐந்தாம் பக்கத்துச் சொல்

வெள்ளிக்கிழமை காலையில் அச்சாகும் முதல் பிரதி எங்கள் வீட்டில் எனக்குத்தான் வரும். கண்டி திருகோணமலை வீதியில் கீழே அச்சுக்கூடம், மேலே நாங்கள். மரப்படியில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வேன். ஈர மை விரலில் ஒட்டிக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் போகாது. ஒரு வெள்ளிக்கிழமை செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பத்திரிகை மட்டும் மேல்படியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழக்கத்தில் முதலில் ஐந்தாம் பக்கத்தைத்தான் திருப்பினேன். சங்கீதம், நாடகம், பள்ளிக்கூட விழா எல்லாம் அங்கேதான் வரும். அது என் பக்கம். அந்த வாரம் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால் அவசரமில்லாமல் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு வந்தவள், மூன்றாம் பக்கத்தில் அரசியல் செய்திகளின் நடுவே என்னுடைய வாக்கியங்களைக் கண்டேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாடகத்தைப் பற்றி நான் எழுதிய அதே வாக்கியங்கள், எழுத்து மாறாமல்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அவருடைய தகப்பனார் பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்தவர். கடையில் உட்கார மனமில்லாமல் ஆங்கிலம் படித்து, கண்டியில் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, ஆங்கில வாரப் பத்திரிகை நடத்தினார். வக்கீல்களும், அரசாங்கக் கச்சேரி எழுத்தர்களும், தோட்டத்துத் துரைமாரும் அதைப் படித்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒரு பெண் ஆங்கிலத்தில் பத்திரிகைக்கு எழுதுவாள் என்று யாரும் எண்ணிப் பார்க்காத அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் இறுதியில், மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஆசிரியையாகச் சேர்ந்திருந்த என்னிடம் ஒரு கச்சேரிக்கான சீட்டை நீட்டி, "பாப்பா, நீ போய்க் கேட்டுட்டு வந்து எழுது. எனக்கு வயலின் கேட்டா தூக்கம் வரும்" என்றவர் அவர். எழுதியதைத் திருத்தாமல் அப்படியே போட்டார். பெயர் போடவில்லை, 'நமது நிருபர்' என்று போட்டார். அந்த இரண்டு சொல்லுக்குள் நான் இருக்கிறேன் என்பதே அப்போது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் தகப்பனார் இறந்த பிறகு என்னை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். இதையெல்லாம் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

அத்தானுக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது: 'ஸ்டரிங்'. உள்ளத்தைக் கிளறுகிற, எழுச்சியூட்டுகிற என்று அதற்குப் பொருள் சொல்லலாம். தேநீரில் சீனியைக் கரண்டியால் கலக்குவதற்கும் இதே சொல்தான் வேர். தேவாலயப் பாடகர்களின் பாட்டு ஸ்டரிங். பெரஹரா ஊர்வலத்தில் மேளம் ஸ்டரிங். பாதிரியாரின் பிரசங்கம், சாரணர் அணிவகுப்பு, ஓய்வு பெறும் தலைமை எழுத்தருக்கு நடந்த பிரிவுபசாரத்தில் யாரோ வாசித்த வாழ்த்துப்பா, எல்லாமே ஸ்டரிங். "இதுல ஒரு வசதி இருக்கு. நல்லாயிருந்துச்சா இல்லையான்னு நாம சொல்லவேண்டியதில்ல. யாரும் கோவிச்சுக்கவும் மாட்டாங்க" என்பார். நானும் அவரைக் கேலி செய்துகொண்டே அதைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டேன்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லின் குணம் வேறு என்பதையும் நான் கவனித்திருந்தேன். அங்கே வசதியுள்ள வேட்பாளர் ஒருவர் பேசினால் அது ஸ்டரிங் சொற்பொழிவு. ரயில்வே தொழிலாளர் கூட்டத்தில் ஒருவர் பேசினாலும் அதே சொல்தான். ஆனால் படிப்பவர்கள் அதன் பின்னால் ஒரு வாலைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். கலகத்தைக் கிளப்பிவிடுகிறவன் என்று ஆகிவிடும். நம் தமிழிலும் கிளர்ச்சி என்ற சொல் அப்படித்தானே இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒரு நாள் இதை அத்தானிடம் சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ மூணாம் பக்கத்துக்கும் எழுதலாம் போலிருக்கே" என்று சிரித்தார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர் என் சிநேகிதியின் கணவர். சிநேகிதியும் நானும் கண்டியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்யாணமாகித் தோட்டத்துக்குப் போய், இரண்டு பிள்ளைகளோடு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை அடுத்திருந்த ஓரறை வீட்டில் குடியிருந்தாள். கணவர் அதிகம் பேசாதவர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறிப்பவர்களையும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்களையும் சேர்த்துக்கொண்டு நாடகம் பழக்குவார். அவரே எழுதிய நாடகம். கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, கூலியும் இல்லை என்கிறான் கங்காணி. அவள் போகிறாள். மாலையில் கூடையோடு திரும்பி வரும்போது பிள்ளை இல்லை. கதை அவ்வளவுதான்.

அந்த நாடகத்தைக் கண்டி நகரத்து மண்டபம் ஒன்றில் நடத்த ஏற்பாடு செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. இருட்டுமுன் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டுமென்பதால் சனிக்கிழமை பிற்பகலிலேயே தொடங்கினார்கள். கலஹா வழியாக லொறியில் நின்றபடியே வந்த தொழிலாளர்கள் பின்வரிசைகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகளில் வக்கீல்களும் அவர்கள் மனைவிமாரும். தாயாக நடித்த பெண்ணுக்குப் பதினெட்டு வயதிருக்கும். பிள்ளையைத் தூளியில் விட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வசனம் எதுவும் இல்லை. அப்போது பின்வரிசையில் வயதான பெண்ணொருத்தி எழுந்து, "போகாத தாயி, இன்னிக்கு வேலைக்குப் போகாத" என்று கத்தினாள். அவளோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள். மேடையில் நின்ற பெண் அதைக் கேட்டு நிஜமாகவே அழுதுவிட்டாள். பக்கவாட்டில் நின்ற ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

அன்று மாலையே எழுதினேன். எத்தனையோ வாழ்த்துப்பாக்களுக்குச் செலவழித்த அந்தச் சொல்லை, முதல் தடவையாக, வேறு எந்தச் சொல்லும் பொருந்தாததால் எழுதினேன். இந்த ஆண்டில் கண்டி கண்ட மிக ஸ்டரிங்கான நாடகம் என்று தொடங்கினேன். ஆசிரியரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டேன். தொழிலாளர் பலர் எழுந்து நின்றதையும், ஒரு பெண் வேலைக்குப் போகாதே என்று கூவியதையும், அந்தக் கூவலில் கூடமே அசைந்ததையும் எழுதினேன். அத்தான் இரண்டு தடவை படித்தார். பிறகு, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். ஐந்தாம் பக்கத்தின் உச்சியில் வந்தது.

சிநேகிதி பட்டர்பழம் நிறைந்த ஒரு பனையோலைப் பெட்டியோடு நேரில் வந்தாள். கணவர் பத்திரிகையை யாரிடமும் கொடுக்காமல் பள்ளிக்கூட மேசைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். "கல்யாண வேட்டியக்கூட இவ்வளவு கவனமா மடிச்சு வச்சதில்லடி" என்றாள். அக்காவும் அத்தானும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த நாடகம் எப்போது என்று அத்தான்தான் கேட்டார்.

அப்போது அரசாங்க சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் தொழிலாளருக்கும் வாக்கு இருந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. கங்காணி எந்த நிறத்தைச் சொல்கிறாரோ அதில் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். எங்கள் பக்கத்தில் நின்ற வேட்பாளர்களில் ஒருவர் பெரிய தோட்டச் சொந்தக்காரர். நாடகத்துக்குப் பிறகு ஆசிரியரைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கூப்பிட்டார்கள். போன இடத்தில் யாரோ வாக்கைப் பற்றிக் கேட்டபோது, எந்த நிறம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சிநேகிதி இதை எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். நான் அதைப் பெருமையாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அத்தானுக்கு அதைச் சொன்னவளும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் 'தெல்தோட்டையின் ஸ்டரிங் ஆசிரியர்' என்று தலைப்பு. அதன் கீழே என் வரிகள். நாடகத்தின் கதை நீக்கப்பட்டிருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. தொழிலாளர் பலர் எழுந்து நின்றனர். வேலைக்குப் போகாதே என்று ஒரு பெண் கூவினாள். கூடமே அசைந்தது. எழுதியவர் என்ற இடத்தில் வழக்கம்போல 'நமது நிருபர்'. கடைசியில் அத்தானின் கைவரிசையாக ஒரே ஒரு வாக்கியம்: தேர்தல் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடங்களில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை உரியவர்கள் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம்.

படியிறங்கிப் போனேன். அத்தான் மேசையில் உட்கார்ந்து பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன அத்தான்?"

"எது?"

பத்திரிகையை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"நான் ஒரு சொல்லைக்கூட மாத்தல பாப்பா. நல்லாப் பாரு. எல்லாம் நீ எழுதினதுதான்."

"தலைப்பு?"

"தலைப்பு போடறது பத்திரிகை ஆசிரியரோட வேலை. அதுலயும் உன் சொல்லுதான் இருக்கு."

"பிள்ளை செத்துப்போனது எங்க போச்சு?"

"இடம் பத்தல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் கனிவாக, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, போ. சாயந்தரம் பேசலாம்" என்றார். அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மாலையில் பேசவும் இல்லை. அக்காதான் அடுக்களையில் என்னைப் பிடித்து, "வீட்டுக்குள்ள இதப் பெருசாக்காத. அவரு என்ன நெருக்கடியில இருக்காருன்னு உனக்குத் தெரியாது" என்றாள்.

பத்து நாட்களில் சிநேகிதி வந்தாள். இந்தத் தடவை கையில் பெட்டி இல்லை. இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். தோட்டத்துத் துரை ஆசிரியரைக் கூப்பிட்டு, பத்திரிகைத் துண்டை உரக்கப் படித்துக் காட்டி, வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். வேலையோடு வீடும் போய்விட்டது. இனி எந்தத் தோட்டத்திலும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சாமான்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, கெலிஓயாவில் தெரிந்தவர் ஒருவரின் கடைக்குப் பின்னால் இறக்கியிருந்தார்கள். சிநேகிதி கதிரையில் உட்காரவில்லை. இடுப்பில் செருகியிருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து என்னிடம் காட்டினாள்.

"நாடகத்தப் பத்தி முதல்ல வந்துச்சே, அது நீ எழுதினதுதானே?"

"ஆமா."

"இது?"

அத்தான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். அவர் சேர்த்தது ஒரு தலைப்பும் ஒரு வாக்கியமும். மற்றதெல்லாம் யாருடையது?

"இதுவும் நான் எழுதினதுதான்" என்றேன். "ஆனா இதுக்காக எழுதல."

அவள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு, "துரைக்கு அது தெரியாதில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுப்பு ஒன்று எழுதி அத்தானிடம் கொடுத்தேன். நாடகத்தின் முழுக் கதையையும், அந்தக் கிழவி யாரைப் பார்த்து, எதற்காக அப்படிக் கத்தினாள் என்பதையும் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் போடுகிறேன் என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஐந்தாம் பக்கத்தின் அடியில், பூச்செடிக் கண்காட்சி அறிவிப்புக்குக் கீழே மூன்று வரி வந்தது: தெல்தோட்டை நாடகம் கலை நோக்கில் சிறப்பானது என்பதே நமது நிருபரின் கருத்து. மூன்றாம் பக்கத்தைப் படிக்கிறவர்கள் யாரும் அந்த இடத்துக்கு வரமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதற்குப் பிறகும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. யாரோ வந்து அத்தானை நெருக்கியிருப்பார்கள், கடைசி நேரத்தில் வேறு வழியில்லாமல் பழைய தாளைத் தேடி எடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் இல்லாமலாக்கியவர் எங்கள் அச்சுக்கோப்பாளர் நானா. கண்டியில் நாலைந்து தலைமுறையாக இருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலம் பேச வராது. ஆனால் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் தலைகீழாகக் கோப்பார். ஒரு நாள் மதியம் அத்தான் வெளியே போயிருந்தபோது நான் கீழே இறங்கி, அந்தச் செய்தியை எப்போது கோத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த எழுத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்.

"அத நான் புதுசாக் கோக்கல்ல மிஸ். நாடகம் அச்சான அண்டைக்கே, இந்தப் பத்திய மட்டும் பிரிக்க வாணாம், கட்டி வைங்கன்னு ஐயா செல்லிட்டார். ரெண்டு மாசம் அந்தத் தட்டுலதான் ஈந்திச்சு. பொறகு நடுவுல உள்ள வரியள எடுத்துப்போட்டு, தலைப்பயும் கடைசி வரியயும் மட்டும் கோக்கச் சொன்னார்."

அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரத்துக்கு அவை வேண்டும். எங்களிடம் எழுத்து எப்போதும் பற்றாக்குறை. அப்படியிருந்தும் என் வரிகள் இரண்டு மாதம் நூல் சுற்றிக் கட்டப்பட்டு, தேர்தலுக்காகக் காத்திருந்திருக்கின்றன. ரொம்ப நல்லா வந்திருக்கு என்று அத்தான் சொன்னபோதே அது எதற்கெல்லாம் உதவும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதும், அடுத்த நாடகம் எப்போது என்று கேட்டபோதும் அந்தக் கட்டு கீழே இருந்திருக்கிறது. அன்று மதியம் மேலே போய், அதுவரை நான் எழுதி வெட்டி வைத்திருந்த எல்லாத் தாள்களையும் அடுப்பில் போட்டேன். அக்கா தடுக்கவில்லை.

தோட்டச் சொந்தக்காரர் வென்றார். சில மாதங்களில் அத்தானுக்கு நகரசபையில் நியமன உறுப்பினர் பதவி கிடைத்தது. பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தின நாள் அவர் மேலே வந்து, ஒன்றுமே நடக்காதது போல, "கூட்டத்தப் பத்தி நீ எழுதினாத்தான் நல்லாயிருக்கும் பாப்பா" என்றார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. உண்மையாகவே நான் எழுத வேண்டுமென்று ஆசைப்பட்டார். பள்ளிக்கூட விடுதியில் ஆசிரியைகளுக்கு ஒரு அறை காலியாக இருந்தது. மறுநாள் காலையில் என் தகரப் பெட்டியோடு அங்கே போய்விட்டேன். அவருடைய பேச்சு எப்படி இருந்தது என்று பத்திரிகை எந்தச் சொல்லால் எழுதியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு விடுமுறையில் கம்பளைக்குப் போன நான் கெலிஓயாவில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. ஆசிரியர் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் கஜக்கோலோடு நின்றார். முதலாளி எதையும் விசாரிக்காமல் அவருக்கு வேலையும் இடமும் கொடுத்திருந்தார். "வாங்க மிஸ்" என்று முன்னால் வந்து, முதலாளியிடம் என்னைச் சம்சாரத்தின் சிநேகிதி என்று அறிமுகப்படுத்தினார். நான் இரண்டு கஜம் சீத்தைத் துணி கேட்டேன். நிதானமாக அளந்து, ஒரு விரற்கடை கூடவே விட்டு வெட்டினார். "அத்தான் சுகமா இருக்காங்களா?" என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இன்னும் நாடகம் எழுதுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

சிநேகிதி கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தேநீர் கொடுத்தாள். முடியில் நரை விழுந்திருந்தது. வெகுநேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நான் எழுந்தபோது அவள் கேட்டாள்.

"அந்த முதல் பேப்பர் உன்கிட்ட இருக்கா?"

தோட்டத்தைவிட்டு வரும்போது பள்ளிக்கூட மேசையைத் திறக்க ஆசிரியரை விடவில்லையாம். அவர்களிடம் இருப்பது துரை படித்துக் காட்டிய துண்டு ஒன்றுதான். பெரியவனிடம் பள்ளிக்கூடத்தில், உன் அப்பா தோட்டத்தில் கலகம் பண்ணியவர்தானே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைத் தேடிப் படித்திருக்கிறான்.

அடுப்பில் போட்டதைச் சொன்னேன். "ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கு. இப்பவே உக்காந்து எழுதித் தர்றேன்" என்றேன்.

"கையால எழுதினத அவன் நம்புவானா? அவன் வச்சிருக்கிறது அச்சுல இருக்கே."

"அச்சுக்கூடத்துல பழைய பேப்பர்க் கட்டு இருக்கும். அத்தான்கிட்ட..."

"அங்க போயி கேக்காத" என்றாள் உடனே. பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "இனிமே எங்களப் பத்தி நீ ஒண்ணுமே எழுதாத. நல்லதாவும் எழுதாத."

இப்போது நான் வாங்கும் பத்திரிகைகளில் அந்தச் சொல் இன்னும் வருகிறது. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் வருகிறது, மந்திரியின் பேச்சுக்கும் வருகிறது. யாரோ ஒருவர் எந்தச் சிரமமும் இல்லாமல் எழுதிப் போயிருப்பார். அத்தான் காலமானபோது நான் போனேன், அழுதேன். என்னை முதன்முதலாக எழுதச் சொன்ன மனிதருக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன். கெலிஓயாவுக்கு அதன்பிறகு போகவில்லை. சிநேகிதி கேட்டுக்கொண்டதை இத்தனை காலம் காப்பாற்றிவிட்டு இன்று மீறுகிறேன். அதனால்தான் அவளுடைய பெயரையோ, ஆசிரியருடைய பெயரையோ, தோட்டத்தின் பெயரையோ இதில் எங்கும் போடவில்லை. பெரியவன் எங்கேயாவது இதைப் படித்தால் அவனுக்குப் புரியும். நாடகத்தில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்தது தம்பி. அதற்காகத்தான் அந்தக் கிழவி வேலைக்குப் போகாதே என்று கத்தினாள்.